உயர்ரக டெஸ்க்டாப்பில் ராம் தகராறு: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், ஃப்ளெக்ஸ் டிசைன் கடைகள், கேட் (கணினி வழி வரைபடம்) வேலை செய்பவர்கள், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கும் மாணவர்கள் என்று பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை பெரிய டெஸ்க்டாப்புகள் நிறைய ஓடுகின்றன. லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய மெஷின் காரணம் சொல்லாமல் நின்றுபோகும்போது வரும் கேள்விகள் இவை. டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ராம், ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசைகள், இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறோம். டிடிஆர்4 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

மெஷின் அடிக்கடி விழுகிறது. ராம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

ராம் கோளாறு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வராது. இன்று பிரீமியர் தானாக மூடிக்கொள்ளும், நாளை குரோமில் ஒரு டேப் மட்டும் சாகும், மறுநாள் ப்ளூ ஸ்கிரீன். அதில் வரும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும்: ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், இன்னொரு நாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, அடுத்த நாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது ஃபைல் சிதைந்திருக்கிறது என்னும் சிஆர்சி பிழை வந்து, அதே ஃபைல் பக்கத்து மெஷினில் ஒழுங்காக விரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஒரே மென்பொருள், ஒரே எஃபெக்ட், ஒரே இடம் என்று விழுந்தால் ராமை விட்டுவிட்டு கிராபிக்ஸ் டிரைவரையும் அந்த மென்பொருளையும் பாருங்கள். ப்ளூ ஸ்கிரீனே வராமல், பிளக்கைப் பிடுங்கியதுபோல டப்பென்று அணைந்தால் பெரும்பாலும் பவர் சப்ளை அல்லது கரன்ட். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவைத் திறந்தால் பக்செக் கோடு என்று ஓர் எண் இருக்கும். அது 0 என்றால் விண்டோஸ் பிழை எதையும் பதிவு செய்வதற்குள்ளேயே மெஷின் போய்விட்டது என்று பொருள். அங்கே ராமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறது. அந்த வேகத்தில் ஓடவில்லை என்றால் ராம் கெட்டதுதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த 6000 என்பது எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற புரொஃபைலின் வேகம். ராம் கம்பெனி தன் ஸ்டிக்குக்கு (போர்டில் செருகும் ராம் பட்டைக்கு) சோதித்துச் சொன்ன எண் அது. உங்கள் பிராசசரும் மதர்போர்டும் அந்த வேகத்தைத் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, ரைசன் 9000-க்கு 5600. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய மாடல்களுக்கு 5600. அதற்கு மேலே போவதெல்லாம் ஓவர்கிளாக் (அதிகாரபூர்வ வேகத்தை மீறி ஓட்டுவது) கணக்குதான், பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் செட்டிங் நிரலில்) ஒரே கிளிக்கில் வந்தாலும்கூட.

நடைமுறையில் ரைசனில் இரண்டு ஸ்டிக்கோடு 6000 பெரும்பாலும் சிக்கலில்லாமல் ஓடும். 6400 சில பிராசசரில் ஓடும், சிலதில் ஓடாது. ஒரே மாடல் பிராசசர் இரண்டு வாங்கினாலும் உள்ளே ராமோடு பேசும் பகுதியான மெமரி கன்ட்ரோலரின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே 'என் நண்பன் மெஷினில் ஓடுகிறதே' என்பது சாட்சியாகாது.

சரி, எந்த வரிசையில் சோதிப்பது?

அவசரப்பட்டு இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். மெஷின் சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் பயாஸில் லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் கொடுத்து எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எல்லாவற்றையும் அணையுங்கள். இப்போது ராம் 4800 அல்லது 5600 என்ற அடிப்படை வேகத்தில், 1.1 வோல்ட்டில் ஓடும். வாங்கும்போது இருந்த ஸ்டிக்குகளே இருக்கட்டும். இந்த நிலையில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, நான்கு பாஸ் (சுற்று) முழுவதும் ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு பாஸோடு நின்றுவிடும், அது போதும். 64 ஜிபி என்றால் ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்க்கும் வேலை. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னஸ்டிக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தெளிவாகக் கெட்டுப்போன ராமை அது பிடிக்கும், நூலிழையில் தடுமாறும் ராமைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

அடிப்படை வேகத்திலேயே பிழை வந்தால் அது உண்மையான ஹார்டுவேர் கோளாறு. ஒரு பிழை வந்தாலும் பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது. இதில் ஒரே விதிவிலக்கு கடைசியில் வரும் 13-ஆம் சோதனையான ஹாமர் டெஸ்ட். ராமின் ஒரே வரிசையை மீண்டும் மீண்டும் தட்டிப் பக்கத்து வரிசை கலைகிறதா என்று பார்ப்பது அது. மற்ற எல்லாம் சுத்தமாக இருந்து அதில் மட்டும் ஒன்றிரண்டு பிழை வந்தால் அன்றாட வேலையில் மெஷின் விழுவதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்தது ஸ்டிக்கா, ஸ்லாட்டா என்று பிரிப்பது. பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட் ஏ2, நான்காவது பி2. முதல் ஸ்டிக்கை மட்டும் ஏ2-வில் போட்டுச் சோதியுங்கள். பிறகு இரண்டாவது ஸ்டிக்கை அதே ஏ2-வில். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் ஸ்டிக் கெட்டது. இரண்டிலும் வந்தால் இரண்டையும் பி2-வில் போட்டுப் பாருங்கள். பி2-வில் நன்றாக இருந்து ஏ2-வில் மட்டும் பிழை வந்தால் ஸ்லாட், அல்லது பிராசசர் சாக்கெட்டில் வளைந்த பின், அல்லது மெமரி கன்ட்ரோலர். எந்த ஸ்டிக் எது என்று குழம்பாமல் இருக்க ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் 1, 2 என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடிப்படை வேகத்தில் சுத்தம், எக்ஸ்போ போட்டால் மட்டும் பிழை என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. வேகத்தை 6400-லிருந்து 6200, 6000 என்று படிப்படியாக இறக்கி ஒவ்வொன்றிலும் சோதியுங்கள். ஒரு படி இறக்கியதும் பிழை நின்றுவிட்டால் அங்கேயே நிற்காமல் இன்னும் ஒரு படி இறக்கி வைப்பது எங்கள் சிபாரிசு. 6000-க்கும் 5600-க்கும் ரெண்டர் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. மே மாத வெயில் வரும்போது அந்த ஒரு படி இடைவெளி தேவைப்படும்.

மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை. ரெண்டர் போட்டால் மட்டும் விழுகிறது. ஏன்?

மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, பிராசசரும் முழு வேகத்தில் உழைப்பதில்லை. கேபினட்டுக்குள் சூடே ஏறாது. ரெண்டரில் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டு தன் சூட்டையெல்லாம் மேலே அனுப்புகிறது, அதற்கு நேர் மேலே ராம். ராத்திரி 45 டிகிரியில் இருந்த ஸ்டிக் பகலில் ரெண்டர் நடுவே 60-ஐத் தாண்டுவது சாதாரணம்.

எனவே விண்டோஸுக்குள்ளேயே, நிஜ வேலையை ஒத்த பாரத்தோடு சோதிக்க வேண்டும். டெஸ்ட்மெம்5 என்ற சிறிய இலவச நிரலை ஆன்டா777 என்பவர் எழுதிய எக்ஸ்ட்ரீம் கான்ஃபிக்கோடு ஓட்டுங்கள். அது முடிந்ததும் ஒய்-க்ரஞ்சர் என்ற நிரலில் விடி3 சோதனையை ஒரு மணி நேரம். இது ராமோடு சேர்த்து மெமரி கன்ட்ரோலரையும் பிழிந்து எடுக்கும். இதையும் தாண்டினால், டெஸ்ட்மெம்5 ஓடும்போதே பக்கத்தில் ஃபர்மார்க் நிரலைப் போட்டு கார்டையும் சூடாக்குங்கள். ராத்திரி சுத்தமாகத் தேறிய பல மெஷின்கள் இந்தக் கூட்டுச் சோதனையில் அரை மணிக்குள் பிழை காட்டிவிடும். லினக்ஸில் இருப்பவர்களுக்கு ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் இதே வேலையைச் செய்யும்.

ஓடும்போது சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ நிரலைத் திறந்து வையுங்கள். டிடிஆர்5 ஸ்டிக்கில் வெப்ப சென்சார் உள்ளேயே இருப்பதால் எஸ்பிடி ஹப் டெம்பரேச்சர் என்று ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் தனித்தனியாகக் காட்டும். எந்த டிகிரியில் முதல் பிழை விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எந்த எண்ணையும்விட அந்த ஒரு எண் உங்களுக்கு உதவும்.

வருஷம் முழுக்க நன்றாக ஓடும். கத்திரி வெயில் வந்தால் மட்டும் தகராறு. இது ராமா, வெயிலா?

இரண்டும்தான். ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெபாசிட்டரில் சேமித்த மின்னூட்டம். அது தானாகக் கசியும், அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். டிடிஆர்5-க்கு வழக்கமான புதுப்பிப்பு இடைவெளி 3.9 மைக்ரோ நொடி, 85 டிகிரியைத் தாண்டினால் அது பாதியாக வேண்டும் என்பது விதி.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வேகம் கூட்டுகிறேன் என்று யாரோ வீடியோவைப் பார்த்து பயாஸில் டிஆர்இஎஃப்ஐ என்பதை (இந்தப் புதுப்பிப்பு இடைவெளியைத்தான்) 65535 என்று வைத்துவிடுகிறார்கள். வேகம் 6000-இல் 3.9 மைக்ரோ நொடிக்குச் சமமான எண் 11,700. 65535 என்றால் கிட்டத்தட்ட 22 மைக்ரோ நொடி, அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். டிசம்பரில் 40 டிகிரியில் அது ஓடும். மே மாதம் தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை, ஏசி இல்லை, அறை வெப்பமே 37, 38 என்றால் ராம் 60-க்கு மேல் போய் பிழை கொட்ட ஆரம்பிக்கும். அந்த எண்ணை ஆட்டோவுக்கே திருப்புங்கள். டிஆர்எஃப்சி-யை (ஒரு புதுப்பிப்புக்கு ஒதுக்கும் நேரத்தை) குறைத்து வைத்திருந்தால் அதையும்.

பிறகு காற்று. கேபினட்டின் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மணலி, எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் என்றால் வழக்கமான சாம்பல் நிறத் தூசியோடு கருப்பாக மெல்லிய படலமும் இருக்கும். அது துணியால் துடைத்தால் போகாது. கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்ட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் இதை மாதம் ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும். ஃபில்டரைச் சுத்தம் செய்தும் ராம் 55-க்குக் கீழ் இறங்கவில்லை என்றால், ஸ்டிக்குகளுக்கு மேல் ஒரு 120 எம்எம் ஃபேனைக் கீழ்நோக்கி வீசும்படி கட்டினாலே நன்றாக இறங்கிவிடும். ஜிப் டை போட்டுக் கட்டினால் அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். பிராசசருக்கு லிக்விட் கூலர் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பழைய ஏர் கூலர் ஃபேன் போகிற போக்கில் ராமுக்கும் காற்று கொடுத்துக்கொண்டிருந்தது, லிக்விட் கூலரில் அது நின்றுபோயிருக்கும்.

வீடு கடற்கரைக்கு மிக அருகில். உப்புக் காற்று ராமைக் கெடுக்குமா?

சில்லுகளை அல்ல, ஸ்டிக்கின் அடியில் இருக்கும் தங்க நிறக் காலைக் கெடுக்கும். அந்தத் தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். அதற்கடியில் நிக்கல், அதற்கும் கீழே செம்பு. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் கீறல்களும் இருக்கும். உப்பும் ஈரமும் அங்கே நுழைந்தால் அடியில் உள்ள உலோகம் அரிக்கும், அரிப்பு மேலே பூத்து வரும். ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒரே மஞ்சளாக மின்ன வேண்டிய இடத்தில் மங்கிய புள்ளிகளும், பழுப்பாகவோ பச்சையாகவோ ஓரங்களும் தெரியும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூரில் ஜன்னலைத் திறந்துவைத்துப் புழங்கும் அறைகளில் இது சீக்கிரமே வந்துவிடும்.

ரப்பர் போட்டுத் தேய்ப்பது பல சர்வீஸ் கடைகளில் வழக்கம். அந்த நேரத்துக்கு மெஷின் ஆன் ஆகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் பூச்சு கொஞ்சம் போகிறது, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுகிறது, சில மாதத்தில் அதே தகராறு முன்னைவிட வேகமாகத் திரும்பும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்து, நீளவாக்கில் இல்லாமல் மேலிருந்து கீழாக, ஒரே திசையில் துடையுங்கள். ஐந்து நிமிடம் காயட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், வேண்டாம். ஸ்லாட்டுக்குள் எதையும் விட்டுக் குடையாதீர்கள், கையால் அமுக்கும் ப்ளோயர் போதும்.

கழற்றும் முன் சுவர் ஸ்விட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். டிடிஆர்5-இல் வோல்டேஜைக் கையாளும் சில்லு ஸ்டிக்கிலேயே இருக்கிறது. மெஷின் அணைந்திருந்தாலும் ஸ்டான்ட்பை மின்சாரம் அங்கே வந்துகொண்டிருக்கலாம். திரும்ப மாட்டும்போது இரண்டு முனைகளையும் மாறி மாறி அமுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டுகளில், கிளிப் இல்லாத பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. கிளிப் பக்கம் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் சரியாக உட்கார்ந்திருக்காது. இந்த ஒன்றை மட்டும் சரிசெய்தே பல மெஷின்கள் தேறியிருக்கின்றன.

64 ஜிபி போதவில்லை. அதே மாடலில் இன்னும் இரண்டு ஸ்டிக் வாங்கிப் போட்டேன். மெஷின் ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது.

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். டிடிஆர்5-இல் நான்கு ஸ்டிக் என்பது இரண்டு ஸ்டிக்கின் இரட்டிப்பு அல்ல, அது வேறு உலகம். வீட்டு போர்டுகளில் பிராசசருக்கும் ராமுக்கும் இடையே இரண்டு சேனல் (பாதை)தான். ஒவ்வொரு சேனலிலும் இரண்டு ஸ்டிக் தொங்கினால் சிக்னல் போய்ப் பிரதிபலித்துத் திரும்பி வந்து ஒன்றோடொன்று மோதும், கன்ட்ரோலருக்குப் பாரமும் கூடும். அதனால்தான் ரைசன் 7000, 9000 இரண்டுக்குமே நான்கு ஸ்டிக்குக்கான அதிகாரபூர்வ வேகம் 3600 மட்டும். பெட்டியில் 6000 என்று போட்ட நான்கு ஸ்டிக்கைச் செருகி எக்ஸ்போவும் போட்டால் விழத்தான் செய்யும்.

'அதே மாடல்தானே' என்பதும் ஏமாற்றும். ஒரே பெயர், ஒரே பார்ட் நம்பரில் கம்பெனி வெவ்வேறு மாதங்களில் ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் என்று வெவ்வேறு சில்லு போட்டு அனுப்பலாம். கோர்சேர் போன்றவர்கள் ஸ்டிக்கரில் வெர்ஷன் எண் அச்சிடுகிறார்கள், இரண்டு செட்டின் எண்ணும் வேறாக இருந்தால் உள்ளேயும் வேறுதான். சிபியு-இசட் என்ற நிரலில் எஸ்பிடி பக்கத்தில் டிராம் மேனுஃபேக்சரர் என்று இருக்கும், அதையும் ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், எக்ஸ்போவை அணைத்து 3600-இல் துவக்கி, 4000, 4400, 4800 என்று ஏற்றிப் பாருங்கள். 4800-இல் நான்கும் சுத்தமாக ஓடினால் அதோடு திருப்திப்படுங்கள். டேவின்சி வீடியோ எடிட்டரில் 4கே வேலைக்கு ராம் வேகத்தைவிட அளவு முக்கியம், ராம் நிறைந்து டிஸ்க்குக்கு ஸ்வாப் போகாமல் இருந்தாலே பெரிய லாபம்.

இன்னும் வாங்கவில்லை என்றால் நான்காகப் போகாதீர்கள். 2023 முதல் 48 ஜிபி ஸ்டிக் கிடைக்கிறது, இரண்டு போட்டால் 96. இப்போது 64 ஜிபி ஸ்டிக்கும் வந்துவிட்டதால் இரண்டிலேயே 128 கிடைக்கும். பழைய செட்டை விற்றுவிட்டு இப்படி வாங்குவது கொஞ்சம் கூடச் செலவு, ஆனால் தூக்கம் கெடாது. 256 ஜிபிக்கு மேல் நிஜமாகவே தேவை என்றால் ஏஎம்டியின் வொர்க்ஸ்டேஷன் பிராசசரான திரெட்ரிப்பர் பக்கம் போங்கள். அதில் நான்கு சேனல், புரோ வகையில் எட்டு. அதற்கான ராம் ரெஜிஸ்டர்டு வகை, சாதாரண போர்டின் ஸ்லாட்டில் நுழையாது.

புது ராம் போட்டு ஆன் செய்தால் பத்து நிமிடம் திரை இருட்டாக இருக்கிறது. ஃபேன் ஓடுகிறது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, மெமரி டிரெய்னிங் நடக்கிறது. போர்டு ஒவ்வொரு சிக்னல் பாதைக்கும் சரியான தாமதத்தையும் வோல்டேஜையும் தேடிக்கொண்டிருக்கிறது. ரைசன் 7000, 9000 உட்காரும் ஏஎம்5 போர்டுகளில் பெரிய ராமுக்கு முதல் முறை பத்து, பதினைந்து நிமிடம்கூட ஆகும். டிராம் என்று எழுதிய ஆரஞ்சு அல்லது மஞ்சள் விளக்கு எரியும், நடுவே ஓரிரு முறை தானாக அணைந்து எரியும். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து. அரை மணி நேரம் ஆகியும் அசையவில்லை என்றால் ஒரே ஸ்டிக்கை ஏ2-வில் வைத்து, சிமோஸ் கிளியர் செய்து (பயாஸ் செட்டிங்குகளை அழித்து) மறுபடி முயலுங்கள்.

ஒவ்வொரு முறையும் டிரெய்னிங் வேண்டாம் என்று ஒரு செட்டிங் போட்டேன். இப்போது ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் ப்ளூ ஸ்கிரீன்.

மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் போட்டிருப்பீர்கள். பழைய டிரெய்னிங் முடிவையே மறுபடி பயன்படுத்தும் வசதி அது. காலையில் குளிர்ந்த நிலையில் எடுத்த முடிவு மதியச் சூட்டில் பொருந்தாமல் போகலாம். அதை வைத்தே ஆக வேண்டும் என்றால் பவர் டவுன் எனேபிள் என்பதையும் சேர்த்து ஆன் செய்யுங்கள், பயாஸையும் புதுப்பியுங்கள். அப்படியும் தகராறு என்றால் இரண்டையும் அணைத்துவிட்டு, பூட் ஆகும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். எவ்வளவு?

சில நேரம் சரியாகும். முதலில் வேகத்தை இறக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே வோல்டேஜ். ரைசனில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.20 முதல் 1.25 வரை பெரும்பாலும் போதும். 1.30-ஐத் தாண்டவே கூடாது. 2023-இல் எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டோடு கருகிய பிறகு ஏஎம்டி அந்த எல்லையை பயாஸிலேயே பூட்டியது. அதற்கு முந்தைய பயாஸ் உங்கள் போர்டில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். ராமின் சொந்த வோல்டேஜ் எக்ஸ்போவில் 1.35 என்றால் 0.025 படியாக 1.40 வரை போகலாம், ஆனால் ஒவ்வொரு படியும் சூட்டைக் கூட்டும். இங்கே எஸ்ஓசி-யைக் கூட்டுவதைவிடக் குறைப்பதே தீர்வாகும் மெஷின்களும் உண்டு, எனவே 'அதிகம் என்றால் நல்லது' என்ற கணக்கு வேண்டாம்.

ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் 19 என்ற ஹார்டுவேர் பிழைப் பதிவு வரிசையாக வந்தால், ரைசனில் பெரும்பாலும் குற்றவாளி எஃப்கிளாக் (பிராசசருக்குள் பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகம்). 2000-க்கு இறக்குங்கள்.

டிடிஆர்5-இல் ஈசிசி (பிழை திருத்தும் வசதி) உள்ளேயே இருக்கிறதாமே? பிறகு எப்படிப் பிழை வரும்?

அது சில்லுக்குள் மட்டும் வேலை செய்யும் ஈசிசி. சில்லுக்குள் ஒரு பிட் புரண்டால் அதைத் திருத்தும். சில்லிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் நடக்கும் பிழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எக்ஸ்எம்பி தகராறுகள் பெரும்பாலும் அந்த வழியில்தான். திருத்தியதாக விண்டோஸுக்குத் தகவலும் சொல்லாது. முழு ஈசிசி வேண்டுமென்றால் ஈசிசி யுடிம் வகை ஸ்டிக்கும், அதை ஏற்கும் போர்டும் வேண்டும். போர்டு மாடலின் மெமரி பட்டியலைப் பார்த்தே வாங்குங்கள். வேகம் குறைவு, விலை அதிகம், ரிச்சி தெருவில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் சரக்கும் அல்ல. கணக்கு, மருத்துவப் படம், ஆய்வு வேலை செய்பவர்களுக்கு அவசியம் என்போம்.

இன்டெல் 13900, 14900 வைத்திருக்கிறேன். ராம் மாற்றியும் தீரவில்லை.

ராமே இல்லாமல் இருக்கலாம். அந்த இரண்டு தலைமுறையின் பெரிய பிராசசர்களில் அதிக வோல்டேஜால் காலப்போக்கில் உள்ளே தேய்மானம் ஏற்பட்டதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்கள் வெளியிட்டது. அறிகுறிகள் அச்சு அசல் ராம் கோளாறு போலவே இருக்கும்: ஜிப் விரியாது, மென்பொருள் இன்ஸ்டால் பாதியில் நிற்கும், அன்ரியல் கேம்கள் வீடியோ மெமரி போதவில்லை என்று பொய் சொல்லும். பயாஸில் பிராசசர் வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகபட்ச பெருக்கத்தை (மல்டிப்ளையர்) 53-க்கு இறக்கிப் பாருங்கள். பிழை நின்றுவிட்டால் பிராசசர்தான். தேய்ந்ததை பயாஸ் அப்டேட் சரிசெய்யாது, மாற்றித்தான் ஆக வேண்டும். பெட்டியோடு வாங்கியவற்றுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள்.

கூலர் மாற்றிய பிறகு 64-இல் 32 மட்டும் காட்டுகிறது.

கூலர் ஸ்க்ரூவை ஒரு மூலையில் மட்டும் இறுக்கியிருப்பார்கள். இன்டெல் சாக்கெட்டில் அழுத்தம் சாய்ந்தால் ஒரு மெமரி சேனலின் பின்கள் தொடாமல் போகும். நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தி, எதிரெதிர் மூலையாக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். கான்டாக்ட் ஃப்ரேம் (பிராசசரை அழுத்திப் பிடிக்கும் தனிச் சட்டம்) போட்டிருந்தால் அதையும் அப்படியே, அளவுக்கு மீறாமல்.

கரன்ட் ஏற்ற இறக்கத்தால் ராம் பிழை வருமா?

நேரடியாக வருவது அபூர்வம். நல்ல பவர் சப்ளை அதை விழுங்கிவிடும். ஆனால் யுபிஎஸ் மாறும் நொடியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் யுபிஎஸ்ஸின் அலை வடிவத்தைப் பாருங்கள். விலை குறைந்தவை படிக்கட்டு அலை கொடுக்கும், சில பவர் சப்ளைகள் அதை ஏற்காது. பியூர் சைன் வகை வாங்குங்கள், வாட் கணக்கில் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள், 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தைச் சரிசெய்தபின் மற்றதைப் பார்க்கலாம்.

பயாஸ் அப்டேட் செய்யலாமா?

செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் முதலில் டிஃபால்ட்ஸ் போடுங்கள். ராம் தடுமாறும்போது விண்டோஸுக்குள் இருந்து அப்டேட் செய்வது போர்டையே பலி கொடுக்கும் வேலை. எஃப்ஏடி32 பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, பயாஸுக்குள் இருந்தோ பின்பக்க ஃப்ளாஷ்பேக் பட்டன் மூலமோ செய்யுங்கள்.

பிழை இருந்த நாட்களில் காப்பி செய்த ஃபைல்கள் பத்திரமா?

சந்தேகம்தான். காப்பி ஆகும் டேட்டா ராம் வழியாகத்தான் போகிறது. வழியில் ஒரு பிட் புரண்டாலும் விண்டோஸ் சத்தம் போடாது. முகூர்த்த ஃபுட்டேஜைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டுக் கார்டை ஃபார்மேட் செய்யும் ஆட்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மூலம் இன்னும் இருக்கிறது என்றால், ராம் சரியான பிறகு இரண்டின் எஸ்எச்ஏ-256-ஐயும் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். செவன்ஜிப் போட்டிருந்தால் வலது கிளிக்கிலேயே வரும். இனி காப்பிக்கு டெராகாப்பியில் வெரிஃபை ஆன் செய்து பழகுங்கள். விண்டோஸ் ஃபைல்களுக்கு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற கட்டளையை ஒரு முறை ஓட்டினால் போதும், பெரிதாகப் புண்பட்டிருந்தால் புதிதாகவே இன்ஸ்டால் செய்வது நேரம் மிச்சம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நனைந்த மெஷின். காயவைத்து ஓடியது, இப்போது ராம் பிழை.

நனைந்த போர்டு உடனே சாகாது, மெதுவாக அரிக்கும். அதுவும் எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்த வீடுகளில் அந்தப் படலம் உப்பையும் சேற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்லாட்டின் உள் பின்கள் பச்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்து மீட்கலாம் என்ற நம்பிக்கையை விடுங்கள். ஸ்டிக்குகளை வேறு மெஷினில் சோதித்துத் தேறினால் வைத்துக்கொண்டு போர்டை மாற்றுங்கள்.

ஆர்ஜிபி (வண்ண விளக்கு) மென்பொருளால் ஹேங் ஆகுமா?

ஆகும். இரண்டு ஆர்ஜிபி மென்பொருளும் ஒரு மானிட்டரிங் நிரலும் போர்டில் இருக்கும் எஸ்எம்பஸ் என்ற ஒரே தகவல் பாதையில் ஒரே நேரத்தில் ராமோடு பேச முயன்றால் மெஷின் உறையலாம். ஒன்றை மட்டும் வைத்து மற்றதை நீக்குங்கள்.

வாரன்டிக்கு என்ன தேவை?

பில்லும், பில்லில் சீரியல் நம்பரும். பில் இல்லாமல் 'நம்ம கடைதான்' என்று வாங்கியவர்கள் இங்கே திணறுவார்கள். இரண்டாக வந்த செட் என்றால் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் கொடுங்கள், தனியாக வரும் மாற்று ஸ்டிக்கில் சில்லு வேறாக இருக்கலாம். அடிப்படை வேகத்தில் மெம்டெஸ்ட் காட்டிய பிழைத் திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எக்ஸ்போவில் மட்டும் பிழை என்றால் உங்கள் பேச்சு எடுபடுவது கடினம். பிராசசர் கம்பெனிகள் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டையும் ஓவர்கிளாக் என்றே எழுதி வைத்திருக்கின்றன, பிராசசரைக் கொண்டுபோகும்போது அதை நினைவில் வையுங்கள்.

பழைய ராம் வாங்கலாமா?

விலை ஏறிக் கிடக்கும்போது ஆசை வருவது நியாயம்தான். செட்டாக இருந்தால் மட்டும் வாங்குங்கள், இரண்டு ஸ்டிக்கரிலும் சீரியல் அடுத்தடுத்து இருக்கிறதா பாருங்கள். ஹீட்ஸிங்க் பிரித்து ஒட்டிய தடம் இருந்தால் வேண்டாம். தங்கக் கால்களில் ரப்பர் தேய்த்த கீறல் இருந்தாலும் வேண்டாம். விற்பவர் மெஷினிலேயே சிபியு-இசட்டில் பார்ட் நம்பரை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, டெஸ்ட்மெம்5-ஐ ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்டத் தயங்கினால் பணத்தை எண்ணாமல் கிளம்பிவிடுங்கள்.